ராசம்மா மிஸ்ஸியின் நாலு பக்கப் பாரம்

ராசம்மா மிஸ்ஸியைப் பற்றி எழுதச் சொன்னால் நம் ஆட்கள் உடனே ‘அன்பே உருவானவர், சேவையின் சிகரம்’ என்று ஆரம்பித்துவிடுவார்கள். எங்கள் இளைஞர் மன்றத்தின் ஆண்டு மலரிலும் அப்படித்தான் போட்டிருக்கிறது. எழுதியவன் நான்தான். உண்மையில் அவர் அன்பே உருவானவர் இல்லை. பிடிவாதமே உருவானவர். எண்பது பிள்ளைகளை மூன்று நாள் வெளியூரில் தங்கவைக்கும்போது பக்கத்தில் இருக்கவேண்டியது அப்படிப்பட்ட ஆள்தான் என்று ஒத்துக்கொள்ள எனக்குப் பத்து வருடம் பிடித்தது.

எங்கள் பக்கம் மிஸ்ஸி என்றால் நர்ஸ். ராசம்மா சாஆ என்ற ஊருக்குப் பக்கத்தில், பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். அப்பா குலை வெட்டினார், அம்மா உதிரிப்பழம் பொறுக்கினார். ஏழு பிள்ளைகளில் நான்காவதாகப் பிறந்து, ஐந்தாம் படிவம் முடித்த கையோடு நர்ஸ் பயிற்சிக்குப் போனார். முப்பது வருடம் அரசாங்க மருத்துவமனை, அதில் பாதிக்கு மேல் குழந்தைகள் வார்டு. ஓய்வு பெற்றதும் வீட்டில் உட்காரப் பிடிக்காமல் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையின் கிளினிக்கில் சேர்ந்தார். வீடு மாசாயில். கணவர் காளிதாஸ் சிங்கப்பூருக்குத் தொழிலாளர் பஸ் ஓட்டுகிறார். மிஸ்ஸி வேலைக்கு மோட்டார் சைக்கிளில்தான் போவார். அறுபதை நெருங்குகிறவர், லாரிகளுக்கு நடுவில் ஓட்டுகிற அழகைப் பார்த்தால் நாம்தான் ஓரமாக ஒதுங்கி நின்றுவிடுவோம்.

நான் குணாளன். தமிழ்ப்பள்ளி ஆசிரியர், மன்றத்தின் செயலாளர். வருடத்துக்கு ஒருமுறை பதின்மூன்று முதல் பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தங்கும் முகாம் நடத்துகிறோம். வெள்ளி பிற்பகல் தொடங்கி ஞாயிறு மதியம் வரை. வில்லுப்பாட்டு, பட்டிமன்றம், விளையாட்டு, கொஞ்சம் தேவாரம், நிறைய சாப்பாடு. மிஸ்ஸி வருவதற்கு முன்பு எங்கள் பாரம், அதாவது சேர்க்கைப் படிவம், அரைப்பக்கம்தான். பெயர், அடையாள அட்டை எண், ‘நோய் உண்டா? ஆம், இல்லை’, பெற்றோர் கையெழுத்து. பத்து வருடத்துக்கு முன் மிஸ்ஸி அதை வாங்கிப் பார்த்தார். பின்பக்கம் திருப்பினார். அங்கே ஒன்றும் இல்லை.

“இவ்வளவுதானா சார்?”

“இவ்வளவுதான் மிஸ்ஸி. இதையே பாதிப் பேரு ஒழுங்கா எழுத மாட்டாங்க.”

“கேட்டாத்தானே எழுதுவாங்க.”

அடுத்த கூட்டத்துக்கு நாலு பக்கப் பாரத்தோடு வந்தார். என்னென்ன மருந்து, எத்தனை மணிக்கு, எது சாப்பிட்டால் ஒத்துக்கொள்ளாது, கடைசியாக எப்போது மருத்துவமனையில் தங்கியது, ஊசி எதெல்லாம் போட்டது, யாருக்குப் போன் செய்தால் பத்து நிமிடத்தில் எடுப்பார்கள். எங்கள் தலைவர் ரூபேந்திரன் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, “அலமாக்! முகாமுக்கா கூப்பிடறோம், ராணுவத்துக்கா?” என்றார். எல்லாரும் சிரித்தோம். மிஸ்ஸியும் சிரித்தார். பாரம் மட்டும் நாலு பக்கமாகவே இருந்தது.

இந்த ஆளுக்குள் ஏதோ ஒரு சோகக் கதை இருக்கும், வார்டில் ஒரு பிள்ளை கண்முன்னே போயிருக்கும், அதனால்தான் இப்படி என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் கேட்டே விட்டேன். அவர் யோசித்துப் பார்த்தார். “அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லையே சார். வேலைன்னா ஒழுங்கா செய்யணும்ல?” என்றார். எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது.

பாரம் வந்தால் அதோடு விடமாட்டார். ஒவ்வொரு தாய்க்கும் போன் செய்வார். ‘பிள்ளைக்கு நோய் இருக்கா?’ என்று கேட்கவே மாட்டார். அப்படிக் கேட்டால் நம் தாய்மார்கள் சாமி படத்தைப் பார்த்துக்கொண்டே இல்லை என்று சொல்வார்கள் என்பது அவர் கணக்கு. “கடைசியா எப்ப ஸ்கூலுக்கு லீவு போட்டா? எதுக்கு?” என்று கேட்பார். “வீட்டுல மருந்து எங்க வெப்பீங்க? அங்க போய் நின்னு என்னென்ன இருக்குன்னு சொல்லுங்க” என்பார். பதினைந்து நிமிடம் பேசி முடித்தால் அந்த வீட்டின் பாதிக் கதை தெரிந்துவிடும். ஆனால் ஒரு வீட்டுக் கதையை இன்னொரு வீட்டில் அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை.

முகாமில் அவருக்கு மூன்று பெட்டிகள். சிவப்பில் அவசர மருந்து, பூட்டவே கூடாது. பச்சையில் வேளாவேளைக்குக் கொடுக்கும் மருந்து, மருந்தகத்தில் ஒட்டிய சீட்டோடு இருக்கவேண்டும். நீலத்தில் கொடுக்கத் தேவையில்லாதவை. வைட்டமின், கண்ணுக்குத் தெளிவு தரும் மாத்திரை, மூளைக்கு வளர்ச்சி தரும் பொடி, ஒருமுறை ஒரு புட்டி அருகம்புல் சாறு. “மூணு நாள் வைட்டமின் இல்லேன்னா யாரும் செத்துட மாட்டாங்க” என்பார். எல்லாம் பத்திரமாக நீலப் பெட்டிக்குள் போய், ஞாயிறன்று அப்படியே வீடு திரும்பும்.

இந்த வருட முகாம் பெக்கான் நானாஸில், பள்ளி விடுமுறையில் ஒரு பள்ளிக்கூடத்தை எடுத்து நடத்தினோம். எண்பத்து நாலு பிள்ளைகள். வியாழக்கிழமை இரண்டு பேர் வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். காத்திருப்புப் பட்டியலிலிருந்து இரண்டு பேரை நான் சேர்த்தேன். அதில் ஒருத்தி லோஷினி. மாசாய் அடுக்குமாடி வீட்டுப் பிள்ளை, வயது பதினைந்து. நல்ல குரல், வில்லுப்பாட்டுக்குத் தலைமை தாங்க ஆள் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தோம். அவளுடைய அம்மா ஷர்மினிக்கு மிஸ்ஸி போன் செய்ய நேரம் இல்லை. “நானே பேசிட்டேன் மிஸ்ஸி, ஒண்ணும் இல்லையாம்” என்றேன். பேசியது உண்மை. ‘நோய் ஏதாவது இருக்கா?’ என்று கேட்டேன். இல்லை என்றார்கள்.

வெள்ளிக்கிழமை மிஸ்ஸிக்கு வேலை முடிய நேரமாகி, நெடுஞ்சாலையிலும் மாட்டிக்கொண்டார். பதிவு மேசையில் முதல் முக்கால் மணி நேரம் நான்தான் உட்கார்ந்தேன். லோஷினி ஒரு மீன் எண்ணெய் மாத்திரைப் புட்டியை நீட்டினாள்.

“என்னம்மா இது?”

“வைட்டமின் சார். காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு.”

சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அது எனக்கு இப்போது ஞாபகம் வருகிறது. அப்போது வரிசையில் இருபது பேர் நின்றார்கள். ‘வைட்டமின்’ என்று எழுதி நீலப் பெட்டியில் போட்டேன். மிஸ்ஸி வந்து பெட்டிகளைச் சரிபார்த்தபோது புட்டியின் மேல் ஒட்டியிருந்ததையும் நான் எழுதியிருந்ததையும் பார்த்தார். இரண்டும் பொருந்தின. மூடியைத் திறக்கவில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பதரை மணி. மண்டபத்தில் வில்லுப்பாட்டு ஒத்திகை. லோஷினி பாடிக்கொண்டிருந்தவள் பாதி வரியில் நின்றாள். ஆமாம் போடவேண்டிய பிள்ளைகள் ஆமாம் போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். அவள் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தாள். கை கால் வெட்ட ஆரம்பித்தது.

பிள்ளைகள் அலறினார்கள். நான் ஓடிப்போய் அவள் கைகளைப் பிடித்து அமுக்கப் பார்த்தேன். அதற்குள் சமையல்காரர் சின்னத்தம்பி, அடுப்பை அப்படியே விட்டுவிட்டு, ஒரு பெரிய சாவிக்கொத்தோடு ஓடிவந்தார். நம்மவர்களுக்கு வலிப்பு என்றால் முதலில் இரும்புதான் நினைவுக்கு வரும். “கையில குடுங்க, கையில குடுங்க!” என்று கத்தினார்.

மிஸ்ஸி ஓடவில்லை, வேகமாக நடந்து வந்தார். “சார், கையை எடுங்க. பிடிக்காதீங்க” என்றார். அவள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். தன் துப்பட்டாவை மடித்துத் தலைக்குக் கீழே கொடுத்தார். பக்கத்தில் இருந்த வில்லையும் குடத்தையும் காலாலேயே தள்ளிவிட்டார். பிறகு சின்னத்தம்பியைப் பார்த்தார்.

“தம்பி, அந்தச் சாவியில ஸ்டோர் சாவி இருக்கா?”

“இருக்கு மிஸ்ஸி.”

“போய் ஸ்டோரைத் திறந்து துண்டு எடுத்துட்டு வாங்க.”

சின்னத்தம்பி போனார். அவருக்கும் ஒரு வேலை கிடைத்தது, சாவியும் இடத்தைவிட்டுப் போனது. என்னிடம், “போனைக் கையில வெச்சுக்குங்க. அஞ்சு நிமிஷம் தாண்டினா ஆம்புலன்ஸ்” என்று சொல்லிவிட்டுத் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவ்வளவுதான் செய்தார். கடிகாரத்தைப் பார்ப்பதுதான் அப்போதைக்கு வைத்தியம் என்று எனக்குத் தெரியாது. இரண்டு நிமிடம் பத்து வினாடியில் உடம்பு அடங்கியது. மிஸ்ஸி அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்தார். “ஒண்ணும் இல்ல கண்ணு. மிஸ்ஸி இங்கதான் இருக்கேன்” என்று காதருகில் சொல்லிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் அவள் கண்ணைத் திறந்து, கேட்டதும் தன் பெயரைச் சொன்னாள்.

“நீலப் பெட்டியில இவ பேர்ல ஒரு புட்டி இருந்துச்சு. எடுத்துட்டு வாங்க சார்” என்றார் மிஸ்ஸி. திறந்து உள்ளங்கையில் கொட்டினார். மீன் எண்ணெய் மாத்திரை மஞ்சளாக வழவழவென்று இருக்கும். அவர் கையில் இருந்தவை வெள்ளையாக, நீளமாக இருந்தன. அவர் முகம் அப்போதுதான் மாறியது.

“இது வலிப்பு மருந்து சார். நேத்து ராத்திரி ஒண்ணு, இன்னிக்குக் காலையில ஒண்ணு. ரெண்டு வேளை நாம குடுக்கல.”

பொந்தியான் மருத்துவமனைக்கு என் காரிலேயே போனோம். மிஸ்ஸியின் விதிப்படி ஒரு கார் எப்போதும் சாலையைப் பார்த்தபடி, வழி அடைபடாமல் நிற்கவேண்டும். அந்த விதியை நான் எத்தனை தடவை கிண்டல் செய்திருப்பேன் என்று கணக்கு இல்லை. டாக்டர் பார்த்தார், மருந்து கொடுத்தார், இரண்டு மணி நேரம் படுக்கவைத்தார். மருந்து நின்றதும் தூக்கம் கெட்டதும்தான் காரணம் என்றார். மருந்தை நேரத்துக்குக் கொடுத்து, நர்ஸும் கூட இருந்தால் முகாமுக்குத் திரும்பலாம் என்று சீட்டில் எழுதியும் கொடுத்தார்.

அவளுடைய அம்மா ஷர்மினி மாசாயிலிருந்து மோட்டார் சைக்கிளிலேயே வந்துவிட்டார். தொழிற்சாலைச் சட்டையோடு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடி மகளைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். மிஸ்ஸி பெஞ்சில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்.

“ஏம்மா சொல்லல?” என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை.

ஷர்மினி என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

“போன வருஷம் சொன்னேன் மிஸ்ஸி. உங்க நாலு பக்கத்துலயும் எழுதினேன். மருந்துப் பேரு, டாக்டர் பேரு, எல்லாம். இடம் இல்லைன்னு மெசேஜ் வந்துச்சு. அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு எங்க மாடியிலயே இன்னொரு பிள்ளைக்கு இடம் கெடச்சுது. அப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு. இந்த வருஷம் இவ அழுதா. அதான் இல்லைன்னு எழுதி, மருந்தை வைட்டமின் புட்டியில போட்டுக் குடுத்தேன், யார்கிட்டயும் எதுவும் கேக்காதேன்னு சொல்லி அனுப்பினேன்.”

மிஸ்ஸி என் பக்கம் திரும்பினார். பாரங்கள் முதலில் செயலாளரிடம்தான் வரும். நான் பார்த்துவிட்டுத்தான் அவருக்குக் கொடுப்பேன்.

ஆமாம், நான்தான் அனுப்பினேன் அந்த மெசேஜை. வலிப்பு என்று படித்ததும் ரூபேந்திரனுக்குப் போன் செய்தேன். “பொறுப்பு எடுக்க முடியாதுலா, நாசூக்கா சொல்லிடுங்க” என்றார். நாசூக்காகச் சொன்னேன். அந்தப் பெயர்கூட என் மனதில் நிற்கவில்லை. அதனால்தான் இந்த வருடம் அதே பெயரை நானே சேர்த்தேன். அந்தப் பெஞ்சில் எனக்கு ஏற்பட்ட அவமானம் கொஞ்சநஞ்சம் இல்லை.

“எத்தனை பாரம் சார் இந்த மாதிரி?” என்று கேட்டார் மிஸ்ஸி.

“நாலஞ்சு இருக்கும் மிஸ்ஸி. இந்தப் பத்து வருஷத்துல.”

 அவர் ஷர்மினியின் கையைப் பிடித்துக்கொண்டு, “மூடியைத் திறந்து பாத்திருக்கணும்மா. அது என் தப்பு. என்கிட்ட வராம பாரம் திரும்பிப் போயிருக்குன்னு எனக்குத் தெரியாது. அதுவும் நான் தெரிஞ்சு வெச்சிருக்கணும்” என்றார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மதியம் ஒரு மணிக்கு முகாமுக்குத் திரும்பினோம், ஷர்மினியும் மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே வந்தார். ரூபேந்திரன் வாசலிலேயே நின்றார். அவருக்கு அதற்குள் ஆறேழு போன் வந்துவிட்டதாம்.

“பிள்ளையை அம்மாவோட அனுப்பிடலாம் மிஸ்ஸி. அதுதான் எல்லாருக்கும் நல்லது.”

காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த லோஷினிக்கு அது கேட்டுவிட்டது. “நான் போகமாட்டேன். நாளைக்கு வில்லுப்பாட்டு என்னுது” என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் மண்டபத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

“டாக்டர் இருக்கலாம்னு எழுதிக் குடுத்திருக்காரு” என்றார் மிஸ்ஸி. “அவளை அனுப்பினா நானும் மோட்டாரை எடுத்துட்டுப் போயிடுவேன். நர்ஸ் இல்லாம முகாம் நடத்தக்கூடாதுன்னு நம்ம விதியிலேயே இருக்கு. கையெழுத்துப் போட்டது நீங்கதான், ரூபன்.”

தலைவர் கொஞ்சம் யோசித்துவிட்டு என்னைக் காட்டினார். “இன்னொரு விதியும் இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பிள்ளை தொடர்ந்து தங்கணும்னா செயலாளர் எழுத்துல ஒப்புதல் தரணும். குணாளன் கையெழுத்துப் போட்டா எனக்கு ஒண்ணும் இல்ல. சாயங்காலத்துக்குள்ள முடிவு பண்ணுங்க.” அந்த விதியை எழுதியதும் நான்தான். எதற்கும் ஒரு பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று எழுதியது.

மிஸ்ஸி முதலில் லோஷினியிடம், எல்லாரிடமும் சொல்லலாமா என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். பிறகு பிள்ளைகளை மண்டபத்தில் உட்காரவைத்தார். “லோஷினிக்கு வந்தது வலிப்பு. அது ஒட்டாது. பேய் பிசாசு இல்ல. மருந்து ரெண்டு வேளை குடுக்காம விட்டுட்டோம், அதனால வந்துச்சு. விட்டது நாங்க, அவ இல்ல. ஏதாவது கேக்கணும்னா என்கிட்ட கேளுங்க, அவகிட்ட கேக்காதீங்க.” ஒரு பையன் கையைத் தூக்கி, வலிக்குமா என்று கேட்டான். “நடக்கும்போது தெரியாது. அப்புறம் உடம்பு அடிச்சுப்போட்ட மாதிரி இருக்கும். உன்னை மாதிரி ஃபுட்பால் ஆடிட்டு வந்து படுக்கறவங்களுக்குத் தெரியும்” என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். லோஷினியும் சிரித்தாள்.

அதன்பிறகு என்னிடம் ஒரு பட்டியலை நீட்டினார். “பொம்பளப் பிள்ளைங்க வீட்டுக்கு நான் பேசறேன். பையன்க வீட்டுக்கு நீங்க பேசுங்க சார். எந்தப் பிள்ளை பேரும் சொல்ல வேணாம். ‘என்ன சொன்னாலும் திருப்பி அனுப்பமாட்டோம், மறைச்சது ஏதாவது இருந்தா இப்பச் சொல்லுங்க’ன்னு மட்டும் சொல்லுங்க.”

“திருப்பி அனுப்பமாட்டோம்னு நான் எப்படி மிஸ்ஸி சொல்றது? இன்னும் முடிவே பண்ணலியே.”

“அதான் சார். பேசிட்டு முடிவு பண்ணுங்க.”

என் பட்டியலில் நாற்பத்தொரு பெயர். சாப்பாட்டுக்கூடத்தின் ஒரு மூலையில் அவர், இன்னொரு மூலையில் நான். முதலில் பத்து வீட்டில் ஒன்றும் இல்லை என்றார்கள். பதினோராவது வீட்டில் ஒரு அப்பா, “திருப்பி அனுப்பமாட்டீங்கல்ல? கண்டிப்பா?” என்று இரண்டு முறை கேட்டுவிட்டு, மகனுக்கு ஆஸ்துமா, இன்ஹேலர் அவன் காலுறைக்குள் இருக்கிறது என்றார். இன்னொரு பையனுக்கு நிலக்கடலை ஆகாது. அன்று காலை சின்னத்தம்பி இட்லிக்குக் கடலைச் சட்னி அரைத்திருந்தார். பையன் தொடாமல் சீனி தொட்டுச் சாப்பிட்டிருக்கிறான். ஒரு பையனுக்குக் கைக்குழந்தையாக இருக்கும்போது இருதய அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. மிஸ்ஸியின் மூலையிலும் பேனா நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து மணிக்குள் இரண்டு பட்டியலிலும் சேர்த்துப் பதினோரு பேர். இவர்களிடமெல்லாம் மிஸ்ஸி ஏற்கெனவே கால் மணி நேரம் பேசியவர். அவர்கள் மிஸ்ஸிக்குப் பொய் சொல்லவில்லை, என்னைப் போன்றவர்களுக்குப் பயந்து பொய் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் முகாமில் பெரிய நோய் உள்ள பிள்ளைகளே இல்லை என்று வருடா வருடம் அறிக்கையில் பெருமையாக எழுதிவந்திருக்கிறேன்.

அந்தப் பதினோரு பேரில் கடைசி, என் பட்டியலில் கடைசிக்கு முந்தின வீடு. அந்தத் தாய் ரொம்பத் தயங்கினார். மகனுக்குப் பதினாலு வயது. தூக்கத்தில் இன்னும் சில நாள் படுக்கை நனைந்துவிடுகிறது. “வெளியில சொல்லிடாதீங்க சார். மானமே போயிடும் பிள்ளைக்கு.”

“அக்கா, இதுல வெக்கப்பட என்ன இருக்கு?” என்றேன். என் குரல் எனக்கே நன்றாக இருந்தது. “பிள்ளை வேணும்னா செய்யறான்? இதுக்கெல்லாம் வழி இருக்கு. மறைக்கிறதுதான் தப்பு. நாங்க பாத்துக்கறோம், நீங்க நிம்மதியா இருங்க.”

அவர் அழுதுகொண்டே நன்றி சொன்னார். போனை வைத்தேன். பட்டியலின் கடைசிப் பெயரைப் பார்த்தேன். செல்வா, த/பெ குணாளன்.

என் மகன். பதின்மூன்று வயது. அவனுக்கும் அதேதான். டாக்டரிடம் காட்டியிருக்கிறோம், சரியாகிவிடும் என்று சொல்லியிருக்கிறார். பாரத்தின் மூன்றாம் பக்கத்தில் அதற்கென்றே ஒரு கேள்வி இருக்கிறது. ‘இல்லை’ என்று நான்தான் எழுதினேன். செயலாளரின் மகன் அல்லவா, எல்லாரும் பார்ப்பார்கள் அல்லவா. முகாமுக்குக் கிளம்பும்போது அவனைத் தனியே கூப்பிட்டு, “மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் தண்ணி குடிக்காதேடா. ரெண்டு ராத்திரிதான்” என்று சொல்லி அனுப்பினேன்.

தலையைத் தூக்கித் திடலைப் பார்த்தேன். வெயில் இன்னும் இறங்கவில்லை. பையன்கள் பந்தாட்டத்தை நிறுத்திவிட்டுத் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நின்று குடித்துக்கொண்டிருந்தார்கள். செல்வா மட்டும் கோல் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். நான் பார்ப்பதைப் பார்த்ததும் எழுந்து ஓடிவந்தான். முகம் சிவந்து, உதடு வெடித்திருந்தது.

“அப்பா, ஒரு சொட்டுகூட குடிக்கல. நேத்தும் குடிக்கல” என்றான் மெதுவாக. பெருமையாகச் சொன்னான்.

 அவன் தோளைப் பிடித்து மிஸ்ஸியிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் மேசையில் பதினோரு பாரங்கள் விரிந்துகிடந்தன. லோஷினியுடையது தனியாக, செயலாளர் ஒப்புதல் என்ற கட்டம் காலியாக இருந்தது.

“பன்னெண்டாவது ஒண்ணு இருக்கு மிஸ்ஸி” என்றேன். சொல்லி முடித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், தண்ணீர் விஷயம் உட்பட.

மிஸ்ஸி முதலில் செல்வாவுக்கு உப்புச்சர்க்கரைக் கரைசல் கலந்து கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைத்தார். “ராத்திரி ஒரு தடவை நான் எழுப்பறேன்டா. இன்னொருத்தனையும் எழுப்பணும், உன்னை எழுப்பறது எனக்கு ஒரு வேலையா? நல்லாக் குடி” என்றார். அவன் இரண்டு கோப்பை குடித்துவிட்டுத் திடலுக்கு ஓடினான்.

பிறகு மற்ற பாரங்களின் அடுக்கிலிருந்து அவன் பாரத்தை எடுத்து, மூன்றாம் பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தார். நான் எழுதியிருந்த ‘இல்லை’யை அடித்துவிட்டு உண்மையை எழுதினேன். அவர் அதை வாங்கிப் படித்தார். லோஷினியின் பாரத்தை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

“சொல்லுங்க சார். செயலாளர் நீங்கதான். வெச்சுக்கலாமா, திருப்பி அனுப்பிடலாமா?”

எந்தப் பிள்ளையை என்று அவர் சொல்லவில்லை. பேனாவை வாங்கி, முதலில் லோஷினியின் பாரத்தில் கையெழுத்துப் போட்டேன்.